பதினேழு குமிழிகள்

ஊர் முடிந்து புளியமரங்களும் முடிகிற இடத்தில் ஒரு கால்நடை ஆராய்ச்சிக்கூடம். அங்கே ஹலீமா என்று ஒரு மருத்துவர் இருந்தார். ஆடு மாடுகளுக்கு மயக்க மருந்து கொடுப்பதில் அவர் கை அவ்வளவு நிதானம். அவரிடம் கற்றுக்கொள்ள ஒரு மாணவர் வந்து சேர்ந்தார்.

மாணவருக்கு வயது ஐம்பத்து மூன்று. ஆசிரியைக்கு முப்பத்தொன்பது.

மாணவர் பெயர் அருளப்பன். தொழிற்சாலையில் இன்ஜினியராக இருந்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு நான்கு வருடமாக ஒரே ஒரு பொருளைச் செய்துகொண்டிருந்தார். விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று எண்ணாகக் காட்டும் கிளிப். கொரோனா சமயத்தில் வீட்டுக்கு வீடு மாட்டிப் பார்த்தோமே, அந்த வகைதான். ஆனால் இவருடையது பிறந்த குழந்தைகளுக்கு. மூச்சு முட்டி, உதடு நீலமாகிப்போன குழந்தைகளுக்கு.

முதல் நாளே சொல்லிவிட்டார். "என்னை சார்னு கூப்பிடாதீங்க டாக்டர். நான் படிக்க வந்தவன். பேரைச் சொல்லுங்க."

"உங்க வயசுக்குப் பேர் சொல்ல வாய் வராது."

"பின்னே?"

"அண்ணேன்னு கூப்பிடுறேன். திட்டும்போதும் அண்ணேதான், பரவாயில்லையா?"

அருளப்பன் கேள்வி கேட்கிறவர். காலையில் வந்து செருப்பைக் கழற்றும்போதே ஒரு கேள்வி இருக்கும்.

"டாக்டர், ஆட்டோட நாக்குல மாட்டிப் பாக்குறோம். அது குழந்தை விரலுக்குப் பொருந்துமா?"

"தெரியாது."

"தெரியாமலா பாக்குறோம்?"

"ஆட்டுக்கே பொருந்தலேன்னா குழந்தைகிட்டப் போகவே வேண்டாம். அது தெரியும்."

பெரியவர்களுக்கான கிளிப்பை மனிதர்களிடமே சோதித்துவிடலாம். அவர்கள் சுவாசிக்கும் காற்றில் ஆக்ஸிஜனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். ஆனால் ரத்தத்தின் எண் எழுபதுக்குக் கீழே போக விடமாட்டார்கள். ஆபத்து. நீலம் பாரித்த குழந்தையோ அந்த எழுபதுக்குக் கீழேதான் கிடக்கிறது. அங்கே கிளிப் சொல்வது நிஜமா என்று யாரிடம் கேட்பது? அதனால்தான் செம்மறி. முழு மயக்கத்தில் படுத்திருக்கும். ஒன்றும் தெரியாது. சோதனை முடிந்ததும் எழுந்து தீவனம் தின்னப் போய்விடும்.

ஆடுகளைப் பார்த்துக்கொள்வது பேச்சித்தாய். எல்லா ஆட்டையும் 'மதினி' என்றுதான் கூப்பிடுவாள். காதில் எண் தொங்கினாலும் அவளுக்கு மதினிதான்.

"மூணாம் நம்பரைக் கொண்டாங்க பேச்சித்தாய்."

"மதினி, வாளா, உன்னைய இன்ஜினியரு கூப்புடுதாரு. நாக்கை நீட்டணுமாம்."

மொத்தம் ஆறு ஆடு. வாரத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பத்துப் படி. படிக்குப் படி ஆக்ஸிஜனைக் குறைக்க வேண்டும். எண் இறங்கிக்கொண்டிருக்கும்போது ஒருமுறை, இறங்கி நின்ற பிறகு ஒருமுறை, ஆட்டின் தமனியிலிருந்து சிரிஞ்சில் துளி ரத்தம் எடுக்க வேண்டும். அதைப் பக்கத்து அறையில் இருக்கும் ரத்த மிஷினில் வைத்தால் அது ஒரு சீட்டை அச்சடித்துத் தரும். சீட்டில் உள்ள எண்ணையும் அதே நேரத்தில் கிளிப்பின் திரை காட்டிய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. சராசரி வித்தியாசம் மூன்றுக்குள் இருந்தால் கிளிப் நல்ல கிளிப்.

முதல் ஆட்டில் ஒருமுறை ஹலீமா ரத்தம் எடுத்துக் காட்டினார். பிறகு அருளப்பனே எடுத்தார். கை சீக்கிரம் படிந்தது.

ஐந்தாவது ஆடு முடிந்த மறுநாள் அருளப்பன் ஒரு தாளோடு வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"ரெண்டு புள்ளி நாலு, டாக்டர்!"

"அடடே."

"சிசு வார்டுல சொல்லிட்டேன். திங்கட்கிழமை கொண்டு வாங்கன்னுட்டாங்க. பதினோரு தொட்டில். எல்லாத்துலயும் மாட்டிப் பாக்கலாம்கிறாங்க. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுட்டா போதும்."

"ஆறாவது ஆடு இருக்கே?"

"அதையும் வெள்ளிக்கிழமை முடிச்சிருவோம். ஆனா ஒரு ஆட்டால இது மாறாது டாக்டர். கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்."

ஹலீமா தாளை வாங்கிப் பார்த்தார். நூறு வரிசை. ஒவ்வொன்றிலும் இரண்டு எண். பக்கத்துவீட்டுக்காரர்கள் மாதிரி ஒற்றுமையாக நின்றன. பேனாவைக்கூட எடுத்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் பேச்சித்தாய் உள்ளே வந்தாள். கையில் ஒரு அட்டைப்பெட்டி.

"டாக்டரம்மா, இந்த சிரிஞ்சு இன்னும் ஒரு பெட்டி வேணும். எழுதிப் போடுங்க."

"நூறு இருந்துச்சே."

"நூறும் போச்சு. ரெண்டாவது பெட்டியையும் ஒடைச்சுப் பதினேழு ஆச்சு. அண்ணாச்சி எங்க மதினியளை என்னன்னு நெனச்சாரோ. கொசுகூட இப்படிக் கடிக்காது."

"அது வேற ஒண்ணுமில்ல," என்றார் அருளப்பன். "குமிழி."

"குமிழியா?"

"சிரிஞ்சுக்குள்ள காத்துக் குமிழி இருந்தா எண் தப்பாயிடும்னு நீங்கதானே சொன்னீங்க. குமிழி இருந்தா அதை விட்டுட்டு, மறுபடி எடுக்கணும்னு. பதினேழு தடவை குமிழி வந்துருச்சு. மறுபடி எடுத்தேன்."

"சரிதானே," என்றார் ஹலீமா.

"சரிதான். ஆனா பதினேழு ரொம்ப அதிகம். எனக்கே வெக்கமா இருக்கு. டாக்டர், குமிழியே வராம எடுக்குறது எப்படின்னு எனக்குச் சொல்லிக்குடுங்களேன்."

ஹலீமா பேனாவை மூடினார். தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"வெள்ளிக்கிழமை சொல்லிக்குடுக்கிறேன்."

வெள்ளிக்கிழமை ஆறாவது ஆட்டைப் பேச்சித்தாய் கொண்டுவந்தாள். வெள்ளை உடம்பில் செம்மண் தெளித்த மாதிரி புள்ளிகள். ஹலீமா மயக்கம் கொடுத்தார். மூச்சுக்குழாயில் குழாய் போனது. நாக்கை மெதுவாக வெளியே இழுத்து அருளப்பன் தன் கிளிப்பை மாட்டினார். திரையில் எண் வந்தது. தொண்ணூற்றொன்பது.

ஹலீமா மேசையிலிருந்த பச்சைத் துணியை எடுத்தார். ஆட்டின் மேல் போர்த்தப் போகிறார் என்று அருளப்பன் நினைத்தார். ஹலீமா அதைத் திரையின் மேல் போட்டார்.

"டாக்டர்?"

"உள்ளே பதிவாகுதுல்ல?"

"நொடிக்கு நொடி பதிவாகும்."

"அப்ப போதும். நீங்க சுவர்க் கடிகாரத்தைப் பாத்து எடுங்க. பேச்சித்தாய் நேரம் சொல்லுவாங்க."

"எண்ணைப் பாக்காம எப்படி எடுக்குறது?"

"ரத்தம் எண்ணுலயா இருக்கு? தமனியிலதானே இருக்கு."

பேச்சித்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னொண்ணு," என்றார் ஹலீமா. "ஒவ்வொரு சிரிஞ்சையும் ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. மிஷின்ல வைக்கிறதுக்கு முன்னாடி. குமிழி இருந்தா எழுதுங்க. இல்லேன்னா இல்லைன்னு எழுதுங்க. குமிழியைத் தட்டி வெளியேத்திட்டு, அதே ரத்தத்தை வைங்க. எதையும் விட வேண்டாம்."

"எல்லாத்தையுமா பாக்கணும்?"

ஹலீமா அவரைத் திரும்பிப் பார்த்தார். அருளப்பன் மேலே கேட்கவில்லை.

"அண்ணாச்சி, மணி ஆச்சு. குத்துங்க," என்றாள் பேச்சித்தாய்.

அன்று வேலை வழக்கத்தைவிட அமைதியாக நடந்தது. ஒரு சிரிஞ்ச், ஜன்னல், ஒரு குறிப்பு, மிஷின், ஒரு சீட்டு. பிறகு மறுபடி ஜன்னல். ஆட்டின் வயிறு சீராக ஏறி இறங்கியது. நான்காவது சிரிஞ்சைப் பிடித்தபடி அருளப்பன் ஜன்னலருகே கொஞ்சம் அதிக நேரம் நின்றார். எட்டாவதிலும் நின்றார். பதிமூன்றாவதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, வைரமா?" என்றாள் பேச்சித்தாய்.

அவர் குறிப்பை எழுதிவிட்டு மிஷின் பக்கம் போனார்.

இருபது முடிந்ததும் ஹலீமா ஆக்ஸிஜனை முழுசாகத் திறந்துவிட்டார். நாக்கு மறுபடி ரோஜா நிறத்துக்கு வந்தது. மயக்க மருந்தை நிறுத்தினார். பேச்சித்தாய் ஆட்டின் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"இப்ப துணியை எடுக்கலாமா?" என்றார் அருளப்பன்.

"எடுங்க."

அவர் திரையின் பதிவையும் சீட்டுகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொன்றாகப் பொருத்தினார். பதினைந்து பொருந்தின. ஐந்து பொருந்தவில்லை. சின்ன வித்தியாசம் இல்லை. ஆறு, ஏழு, ஒரு இடத்தில் ஒன்பது.

பிறகு குமிழிக் குறிப்பை எடுத்தார். அதில் விரலை வைத்து வரிவரியாக இறங்கினார். பாதியில் விரல் நின்றது.

"டாக்டர்."

"சொல்லுங்க."

"இருபதுல பதினொண்ணுல குமிழி இருந்திருக்கு."

"ம்."

"அதுல ஒன்பது, பொருந்தின கூட்டத்துல இருக்கு."

"அப்படியா?"

"அப்படின்னா முன்னாடி எடுத்த அஞ்சு ஆட்டுலயும்..." அவர் நிறுத்தினார். "பொருந்தின சிரிஞ்சுலயும் குமிழி இருந்திருக்கும்."

"இருந்திருக்கும்."

"நான் பாக்கலையே."

ஹலீமா ஆட்டின் கண்ணிமையை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். இமை லேசாக அசைந்தது.

"எப்ப பாத்தீங்க?" என்றார்.

"எண் பொருந்தாதப்ப மட்டும்தான் சிரிஞ்சை எடுத்து வெளிச்சத்துல பாத்தேன். பாத்தா குமிழி இருக்கும். பாத்தியா, அதான்னு நெனச்சுக்குவேன். பொருந்திட்டா சிரிஞ்சை அப்படியே குப்பையில போட்டுருவேன்."

இதைச் சொல்லிவிட்டு எழுந்தார். மூலையில் மாட்டியிருந்த தன் பையைத் திறந்தார். உள்ளேயிருந்து ரப்பர் பேண்டு போட்ட ஒரு சின்னக் கட்டை எடுத்தார். அவர் விட்டுவிட்ட பதினேழு சீட்டுகள். எதையும் கிழித்துப்போடும் பழக்கம் அவருக்கு இல்லை. அதைக் கொண்டுவந்து ஆசிரியை முன்னால் வைத்தார். இதை ஹலீமா கேட்கவே இல்லை.

ஹலீமா அதைத் தொடவில்லை.

"அண்ணே, நான் ஒண்ணு கேக்கட்டுமா? வழக்கமா நீங்கதான் கேப்பீங்க."

"கேளுங்க."

"குமிழில என்ன இருக்கு?"

"காத்து."

"ஆட்டுக்கு நாம குடுக்குற காத்தா, இந்த ரூம்ல இருக்கிற காத்தா?"

"ரூம்ல இருக்கிறதுதான்."

"அதுல ஆக்ஸிஜன் நிறைய இருக்கு. ஆட்டு ரத்தத்துல குறைச்சல். ரெண்டும் கலந்தா மிஷின் எண் ஏறுமா, இறங்குமா?"

"ஏறும்," என்றார் அருளப்பன் உடனே. அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

பிறகு ரப்பர் பேண்டை உருவினார். முதல் சீட்டு: ரத்த மிஷின் எழுபத்தொன்று. பக்கத்தில் தன் கையெழுத்தில் கிளிப்பின் எண், எழுபத்தெட்டு. இரண்டாவது சீட்டு: மிஷின் அறுபத்தாறு, கிளிப் எழுபத்து நான்கு. மூன்றாவது. நான்காவது. பதினேழையும் மேசைமேல் பரப்பினார். பதினேழிலும் மிஷின் எண் இறங்கித்தான் இருந்தது. ஒன்றில்கூட ஏறவில்லை.

பேச்சித்தாய் மடியில் ஆடு ஒருமுறை இருமியது.

"குமிழி இல்லை," என்றார் அருளப்பன். "குமிழியா இருந்தா மேல போயிருக்கணும். இது குமிழியே இல்லை."

"பின்னே என்ன?" என்றாள் பேச்சித்தாய். அவளுக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசை.

அருளப்பன் சீட்டுகளை நேரப்படி அடுக்கினார். இன்றைய ஐந்தையும் பக்கத்தில் வைத்தார். எல்லாமே எண் இறங்கிக்கொண்டிருக்கும்போது எடுத்தவை. இறங்கி நின்ற பிறகு எடுத்ததில் ஒன்றுகூட இல்லை. அவர் முகம் மாறியது. அது வருத்தம் மட்டும் இல்லை. பூட்டு திறக்கிற சத்தம் கேட்டவரின் முகம் மாதிரியும் இருந்தது.

"கிளிப் பிந்துது," என்றார்.

"எப்படிச் சொல்றீங்க?" என்றார் ஹலீமா.

"ரத்தம் எழுபத்தொண்ணுக்கு வந்துருச்சு. கிளிப் இன்னும் பழைய எழுபத்தெட்டைச் சொல்லிக்கிட்டு நிக்குது. நான் ரெண்டாவது தடவை எடுக்கிறதுக்குள்ள அதுவும் வந்து சேந்துரும். அதனால ரெண்டாவது தடவை பொருந்துது."

"ஏன் பிந்துது?"

அவர் கிளிப்பின் திரையைப் பார்த்தார்.

"நான்தான் அப்படிச் செஞ்சேன். போன வருஷம் ஒரு நர்ஸ் சொன்னாங்க, எண் இப்படித் துள்ளுதே, பாத்தா பயமா இருக்குன்னு. அதனால கடைசி நாப்பது வினாடியோட சராசரியைக் காட்டுற மாதிரி எழுதினேன். அப்புறம் துள்ளலை. எல்லாரும் நல்லா இருக்குன்னாங்க."

"பாக்க நல்லாத்தானே இருக்கு," என்றாள் பேச்சித்தாய்.

"பாக்க நல்லா இருக்கு."

ஹலீமா ஆட்டின் வாயிலிருந்து குழாயை மெல்ல உருவினார். அது மூக்கை விடைத்துத் தானாக மூச்சு இழுத்தது. மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்னக் குழந்தையாக இருந்தால் நாற்பது வினாடி என்பது எவ்வளவு நேரம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அருளப்பன் பழைய தாளை எடுத்தார். மறுபடி எடுத்துச் சேர்த்த பதினேழு வரிசையையும் அடித்தார். அந்த இடத்தில் முதலில் எடுத்த பதினேழையும் எழுதினார். அடியில் இன்றைய இருபது. கூட்டினார், வகுத்தார். ஒருமுறை சரிபார்த்தார்.

"மூணு புள்ளி மூணு."

"ம்."

"தேறலை."

"தேறலை," என்றார் ஹலீமா.

அருளப்பன் அந்தத் தாளையே அவர் பக்கம் நகர்த்தினார். "இதுல கையெழுத்துப் போடுங்க டாக்டர்."

ஹலீமா பேனாவை எடுத்து, ஒரு எழுத்து விடாமல், பொறுமையாகக் கையெழுத்துப் போட்டார்.

"வார்டுக்கு?"

"இப்பவே போன் பண்ணிச் சொல்லிடுறேன். திங்கட்கிழமை வரலைன்னு."

வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

ஆடு தலையைத் தூக்கியது. பேச்சித்தாய் அதன் காதோடு ஏதோ பேசினாள். முன்னங்காலை ஊன்றிப் பார்த்தது, சரிந்தது, மறுபடி ஊன்றியது.

"ஏ மதினி, அவசரப்படாத. அண்ணாச்சியே இப்பத்தான் எந்திரிக்காரு."

அருளப்பனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அது அவருக்குக் கொஞ்சம் தெம்பு கொடுத்தது. சீட்டுகளைச் சேர்த்து ரப்பர் பேண்டு போட்டார். இந்த முறை இருபத்திரண்டு.

"பெரிய கோளாறு இல்லை டாக்டர்," என்றார். "நல்லவேளை இங்கேயே தெரிஞ்சுது. நாப்பது வினாடியை நாலு வினாடியாக் குறைச்சிடுறேன். புரோகிராம்ல ஒரே ஒரு வரிதான் மாத்தணும். ஒரு மாசத்துல மறுபடி ஆறு ஆட்டுக்குத் தயாராயிடுவேன்."

ஹலீமா கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"கிளிப் நாப்பது வினாடிதான் பிந்துச்சு. நீங்க அஞ்சு ஆடு பிந்தினீங்களேண்ணே, அதுக்கு எந்த வரியை மாத்தப் போறீங்க?"